பத்தூர் நடராசர்

பத்தூர் நடராசர் என்பது தமிழ்நாட்டின் திருவாரூர் மாவட்டத்திலுள்ள பத்தூர் என்னும் சிற்றூரின் விசுவநாத சுவாமி கோயிலுக்கு உரிய, சோழர் காலத்துச் செப்புத் திருமேனி ஆகும். 1976 ஆம் ஆண்டு மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்ட இத்திருமேனி, கள்ளச்சந்தை வழியாக இலண்டனை அடைந்து, 1982 ஆம் ஆண்டு கனடா நாட்டு நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டது. அதே ஆண்டில் இலண்டன் மாநகரக் காவல்துறை அதனைக் கைப்பற்றியது. இதனைத் தொடர்ந்து "இத்திருமேனியின் உரிமையாளர் யார்?" என்ற வினா இங்கிலாந்து நீதிமன்றங்களில் பல ஆண்டுகள் வழக்காக நடந்தது. பாழடைந்த கோயில் ஒன்று, ஒரு சட்டமுறை ஆளாக அயல்நாட்டு நீதிமன்றத்தில் வழக்காடித் தன் உடைமையை மீட்டது என்பதே இவ்வழக்கின் தனிச்சிறப்பு ஆகும். 1991 ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் கோயிலின் உரிமையை உறுதி செய்ததை அடுத்து, அதே ஆண்டில் திருமேனி இந்தியாவிற்குத் திரும்பியது.

பின்னணி

பத்தூர் காவிரிப் படுகையில் அமைந்துள்ள வேளாண்மைச் சிற்றூர் ஆகும். இவ்வூர் முன்பு தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. மாவட்டப் பிரிப்புகளுக்குப் பின் தற்போது திருவாரூர் மாவட்டத்தில் உள்ளது. இங்குள்ள விசுவநாத சுவாமி கோயில் பன்னிரண்டாம் நூற்றாண்டில், சோழர் ஆட்சியின்போது கட்டப்பட்டது. காலப்போக்கில் வழிபாடு நின்றுபோய், கோயில் இடிபாடுகளாக மாறியது. திருமேனி கண்டெடுக்கப்பட்ட காலத்தில் அங்கு பூசையும் இல்லை, திருவிழாவும் இல்லை.

தமிழகக் கோயில்களில் மூலவர் திருமேனி கருவறையில் நிலையாக இருப்பது. சிவன் கோயில்களில் இது பெரும்பாலும் கல்லாலான இலிங்கம் ஆகும். வீதியுலாவிற்கு எடுத்துச் செல்லப்படும் உற்சவத் திருமேனிகள் உலோகத்தால் ஆனவை. இவற்றின் பீடங்களில் தண்டுகளைச் செருகவும் கயிற்றால் பிணைக்கவும் துளைகளும் வளையங்களும் அமைக்கப்பட்டிருக்கும். நடராசர் திருமேனி மார்கழித் திருவாதிரை நாளில் வெளியே எழுந்தருளுவது வழக்கம். கருவறைக்குள் நுழைய இயலாத மக்களும் தங்கள் தெருவிலேயே நின்று இறைவனைக் காண இவ்வழக்கம் இடமளித்தது. எனவே ஓர் ஊரின் உற்சவத் திருமேனி காணாமற்போவது, அவ்வூரின் திருவிழாவே காணாமற்போவதற்கு ஒப்பாகும்.

படையெடுப்புகளின்போதும் ஆட்சிக் குழப்பங்களின்போதும் உலோகத் திருமேனிகளை மண்ணில் புதைத்துக் காப்பது பரவலாக நடைபெற்றது. 1311 ஆம் ஆண்டு மாலிக் கபூரின் படையெடுப்பு இத்தகைய நெருக்கடிகளுள் நன்கு அறியப்பட்டது. புதைத்தவர்கள் இறந்தபின் புதைத்த இடம் மறந்துபோகும். பின்னர் உழும்போதோ, கிணறு தோண்டும்போதோ, திருப்பணியின்போதோ அவை வெளிப்படும். இவ்வாறான கண்டெடுப்புகள் இன்றும் தொடர்கின்றன. 2023 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் 20-க்கும் மேற்பட்ட திருமேனிகளும், தேவாரம் பொறிக்கப்பட்ட 400-க்கும் மேற்பட்ட செப்பேடுகளும் கிடைத்தன.

திருமேனியின் அமைப்பு

ஆனந்தத் தாண்டவக் கோலத்தில் அமைந்த நடராசர் திருமேனிகளின் பொது இலக்கணம் பின்வருமாறு:

- வலது மேற்கை உடுக்கையை ஏந்தியிருக்கும். இது படைத்தலைக் குறிக்கும்.
- இடது மேற்கை தீச்சுடரை ஏந்தியிருக்கும். இது அழித்தலைக் குறிக்கும்.
- வலது முன்கை அஞ்சேல் என அருளும். இது காத்தலைக் குறிக்கும்.
- வலது கால் முயலகனை மிதித்து ஊன்றியிருக்கும். இது மறைத்தலைக் குறிக்கும்.
- இடது கால் தூக்கிய நிலையில் இருக்கும். இடது முன்கை அதனைச் சுட்டும். இது அருளலைக் குறிக்கும்.

சோழர் காலத் திருமேனிகள் மெழுகு வார்ப்பு முறையில் செய்யப்பட்டவை. முதலில் மெழுகால் உருவம் செய்து, அதன்மேல் களிமண் பூசி, சூடாக்கி மெழுகை வெளியேற்றுவர். பின்னர் அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவர். ஆறிய பின் களிமண் கூட்டை உடைத்துத் திருமேனியை வெளியே எடுப்பர். கூடு உடைக்கப்படுவதால், ஒரு வார்ப்பிலிருந்து ஒரேயொரு திருமேனி மட்டுமே கிடைக்கும். ஐம்பொன் என வழக்கில் கூறப்பட்டாலும் இவற்றில் பெரும்பங்கு செம்பே ஆகும். ஈயமும் வெள்ளீயமும் குறைந்த அளவில் கலந்திருக்கும். இவ்விகிதம் பட்டறைக்குப் பட்டறை வேறுபடும். எனவே உலோகக் கலவையை ஒப்பிடுவது, இரு திருமேனிகள் ஒரே தொகுதியைச் சேர்ந்தவையா என ஆராயும் வழிகளுள் ஒன்றாகும். பத்தூர் வழக்கில் இதற்கு முக்கியப் பங்கு இருந்தது.

கண்டெடுப்பும் விற்பனையும்

1976 ஆம் ஆண்டு, பத்தூரில் கோயிலுக்கு அருகே குடியிருந்த நிலமற்ற கூலித் தொழிலாளர் ஒருவர் தன் குடிசையை ஒட்டி மண்ணைத் தோண்டியபோது உலோகத் திருமேனிகளைக் கண்டார். அவற்றுள் நடராசர் திருமேனியும் ஒன்று. அதனை அவர் மிகச் சிறிய தொகைக்கு விற்றார். திருமேனி அடுத்தடுத்துப் பல தரகர்களின் கைகளுக்கு மாறி, நாட்டை விட்டு வெளியேறி இலண்டனை அடைந்தது.

அக்காலத்தில் நடைமுறையில் இருந்த இரு சட்டங்கள் இங்கு கருதத்தக்கவை.

முதலாவது, 1878 ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எதையும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என இச்சட்டம் கூறுகிறது. உரிமையாளர் எவரும் இல்லை என முடிவானால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கும் நில உரிமையாளருக்குக் கால் பங்கும் சேரும். அரசு அதனை எடுத்துக்கொள்ள விரும்பினால், பொருளின் மதிப்புடன் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தர வேண்டும்.

இரண்டாவது, 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டம். இது 1976 ஆம் ஆண்டு ஏப்ரல் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. நூறாண்டுகளுக்குக் குறையாத பழமையுடைய சிற்பம் முதலியவற்றைத் தனியார் ஏற்றுமதி செய்வதை இச்சட்டம் தடை செய்கிறது. மீறுவோருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

சட்டங்கள் இருந்தும் திருமேனிகள் கடத்தப்பட்டதற்கு விலையில் இருந்த பெரும் ஏற்றத்தாழ்வு ஒரு காரணம் ஆகும். மண்ணில் எடுத்தவருக்குச் சில நாள் கூலிக்கு நிகராகத் தோன்றிய தொகை, மேலைநாட்டுக் கலைச்சந்தையில் பல்லாயிரம் மடங்காகப் பெருகியது. இத்தகைய குற்றங்களைத் தனியாகப் புலனாய்வு செய்வதற்கெனத் தமிழ்நாடு காவல்துறையில் சிலை கடத்தல் தடுப்புப் பிரிவு 1983 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது.

இலண்டனில் கைப்பற்றப்படல்

1982 ஆம் ஆண்டு சூன் மாதம், கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தைச் சேர்ந்த பம்பர் டெவலப்மென்ட் கார்ப்பரேசன் என்ற நிறுவனம், இலண்டன் கலைப்பொருள் வணிகர் ஒருவரிடமிருந்து இத்திருமேனியை வாங்கியது. திருமேனி எங்கிருந்து, யார் வழியாக வந்தது என்பதற்குப் பொய்யான உரிமை வரலாறு ஒன்று அந்நிறுவனத்திடம் அளிக்கப்பட்டிருந்தது. நிறுவனம் அதனை நம்பி நன்னம்பிக்கையுடனேயே வாங்கியது என்பதை நீதிமன்றம் பின்னர் ஏற்றுக்கொண்டது.

வாங்கிய திருமேனியைப் பேணிப் பாதுகாக்கும் பணிக்காக நிறுவனம் பிரித்தானிய அருங்காட்சியகத்திற்கு அனுப்பியது. அங்கிருந்தபோது, 1982 ஆகத்து மாதத்தில் மாநகரக் காவல்துறை அதனைக் கைப்பற்றியது. தன் பொருளைத் திருப்பித் தருமாறு நிறுவனம் காவல்துறை ஆணையருக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. இதனாலேயே இவ்வழக்கு சட்ட நூல்களில் "பம்பர் டெவலப்மென்ட் கார்ப்பரேசன் எதிர் மாநகரக் காவல்துறை ஆணையர்" என்னும் பெயரால் குறிக்கப்படுகிறது.

வழக்கின் தரப்பினர்

கனடா நிறுவனத்தின் உரிமைக்கோரிக்கையை எதிர்த்துப் பின்வரும் ஐவர் உரிமை கோரினர்:

1. இந்திய ஒன்றியம்
2. தமிழ்நாடு மாநிலம்
3. கோயிலின் சார்பாக, இந்து சமய அறநிலையச் சட்டத்தின்படி அமர்த்தப்பட்ட தக்கார்
4. இடிபாடுகளிடையே கிடைத்து மீண்டும் வழிபாட்டிற்கு உரியதாக நிறுவப்பட்ட சிவலிங்கம்
5. கோயில்

இறுதி இருவரும் மனிதர் அல்லர் என்பது கவனிக்கத்தக்கது. அறங்காவலர் இல்லாத கோயிலின் நிருவாகத்தைக் கவனிக்க இந்து சமய அறநிலையத்துறை அமர்த்தும் அலுவலரே தக்கார் எனப்படுகிறார்.

நீதிமன்றத்தின் முன் இரு வினாக்கள் இருந்தன. இலண்டனில் உள்ள திருமேனியும் பத்தூரில் கண்டெடுக்கப்பட்ட திருமேனியும் ஒன்றுதானா என்பது முதல் வினா. ஒன்றெனில், அதன் உரிமையாளர் யார் என்பது இரண்டாம் வினா.

முதல் வினா: அடையாளம்

திருமேனி பல நூற்றாண்டுகள் மண்ணுக்கடியில் இருந்தமையால் அதன் பழைய ஒளிப்படம் எதுவும் இல்லை. கோயில் சொத்துப் பதிவேடுகளிலும் அதற்கு இடமில்லை. எனவே அடையாளத்தை நிறுவச் சாட்சிகளின் வாக்குமூலத்தோடு அறிவியல் சான்றுகளும் தேவைப்பட்டன.

பத்தூரில் கிடைத்த பிற உலோகத் திருமேனிகள் இதற்கு உதவின. அவற்றையும் இலண்டன் நடராசரையும் வல்லுநர்கள் பல வகைகளில் ஒப்பிட்டனர். தமிழ்நாடு தொல்லியல் துறையின் மேனாள் இயக்குநர் இரா. நாகசாமி கலைப்பாணி குறித்துச் சாட்சியம் அளித்தார். முகத்தின் அமைப்பு, அணிகலன்கள், பீடம் முதலியவை இவ்வாய்வில் கருதப்பட்டன. உலோகக் கலவை தனியே ஆராயப்பட்டது. திருமேனியில் ஒட்டியிருந்த மண்ணும், கறையான்கள் விட்டுச்சென்ற தடமும்கூட ஆய்வுக்கு உட்பட்டன. வணிகர்கள் கட்டமைத்த காகித வரலாற்றுக்கு எதிராக, திருமேனியின் மேலிருந்த மண்ணே சான்றாக நின்றது எனலாம்.

சான்றுகள் அனைத்தையும் ஆராய்ந்த நீதிபதி இயன் கென்னடி, இலண்டன் நடராசர் பத்தூர் நடராசரே என முடிவு செய்தார். இத்தீர்ப்பு 1988 ஆம் ஆண்டு அளிக்கப்பட்டது.

இரண்டாம் வினா: உரிமை

தனக்கு உரிமையில்லாத பொருளை விற்பவர், வாங்குபவருக்குத் தன்னிடம் இல்லாத உரிமையை வழங்க முடியாது என்பது இங்கிலாந்துச் சட்டத்தின் பொதுவிதி ஆகும். நன்னம்பிக்கையுடன் வாங்கியிருந்தாலும் பொதுவாக இவ்விதி பொருந்தும். ஆயினும், நிறுவனத்தைவிட மேலான உரிமை தமக்கு உண்டென எதிர்த்தரப்பினருள் ஒருவராவது நிறுவ வேண்டும். கோயிலே உரிமையாளர் என்றால், கோயில் ஒரு சட்டமுறை ஆளாக இருக்க வேண்டும்.

இந்தியச் சட்டத்தில் இக்கருத்து புதியது அன்று. ஒரு நிறுவனம் தன் பங்குதாரர்களிலிருந்து வேறான சட்டமுறை ஆளாகக் கருதப்படுவது போல, இந்துக் கோயிலில் எழுந்தருளிய இறைத்திருமேனியும் சொத்து வைத்திருக்கவும், வழக்குத் தொடுக்கவும், வழக்கில் நிற்கவும் தகுதியுடையது. தானே பேசவும் செயற்படவும் இயலாமையால், வயது வராதவருக்குக் காப்பாளர் இருப்பது போல அதன் சார்பில் ஒருவர் செயற்படுவார். 1925 ஆம் ஆண்டு, கல்கத்தாக் குடும்பம் ஒன்றின் வழிபாட்டுத் திருமேனி தொடர்பான பிரமதநாத் மல்லிக் வழக்கில், இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் இக்கருத்தை விரிவாக விளக்கியது. திருமேனியை இடம் மாற்றுவதில் அதன் விருப்பமும் மதிக்கப்பட வேண்டும் என்றும், அவ்விருப்பத்தை எடுத்துரைக்க உரியவர் ஒருவர் அமர்த்தப்பட வேண்டும் என்றும் அதில் கூறப்பட்டது.

பத்தூரில் வழிபாடு நின்று நெடுங்காலம் ஆகியிருந்தது. அவ்வாறெனில் கோயிலும் அதன் உரிமையும் அழிந்துபோயினவா என்ற ஐயம் எழுந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் நிலமளித்துக் கோயில் எழுப்பியவரின் அறநோக்கம் இன்றும் நிலைத்திருக்கிறது என்றும், அது சிவலிங்கத்தின் உருவில் வாழ்கிறது என்றும் நீதிபதி கென்னடி கருதினார். கட்டடம் இடிந்தாலும் அறக்கட்டளை இடிவதில்லை என்பது இதன் சாரம் ஆகும்.

மேல்முறையீடு

நிறுவனம் மேல்முறையீடு செய்தது. இங்கிலாந்துச் சட்டப்படி கிறித்தவக் கோயிற் கட்டடம் கூடச் சட்டமுறை ஆள் அன்று. அவ்வாறிருக்க, அயல்நாட்டில் உள்ள ஓர் இடிபாடு இங்கு எவ்வாறு வழக்காட முடியும் என்பது நீதிமன்றம் தீர்க்க வேண்டிய கேள்விகளுள் தலையாயது ஆகும்.

1991 ஆம் ஆண்டு பெப்ரவரி 13 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தன் தீர்ப்பை அளித்தது. ஒரு பார்வையில் கோயில் என்பது கற்குவியலுக்குச் சற்றே மேலானதாகத் தோன்றலாம் என்பதை நீதிமன்றம் மறைக்கவில்லை. ஆயினும், அது தன் சொந்த நாட்டின் சட்டத்தால் சட்டமுறை ஆளாக ஏற்கப்பட்டுள்ளதால், நாடுகளுக்கிடையிலான நல்லிணக்க அடிப்படையில் இங்கிலாந்து நீதிமன்றமும் அதனை ஏற்கலாம் என்றும், இதனால் இங்கிலாந்தின் பொதுக்கொள்கைக்கு ஊறு எதுவும் இல்லை என்றும் கூறியது. தக்கார் வழியாகக் கோயில் வழக்காடியது செல்லும் எனவும், கோயிலின் உரிமை நிறுவனத்தின் உரிமையைவிட மேலானது எனவும் முடிவானது. கோயிலின் உரிமையே போதுமானதாக இருந்தமையால், சிவலிங்கத்தின் தனிக் கோரிக்கையைத் தீர்க்க வேண்டிய தேவை எழவில்லை.

ஒப்பிடத்தக்க பிற திருமேனிகள்

சிவபுரம் நடராசர்: கும்பகோணத்திற்கு அருகிலுள்ள சிவபுரத்தில் 1951 ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்டது. சீரமைப்பிற்காக 1954 ஆம் ஆண்டு சிற்பியிடம் ஒப்படைக்கப்பட்டபோது படி ஒன்று செய்யப்பட்டு, அப்படியே கோயிலுக்குத் திரும்பியது. மூலத் திருமேனி விற்கப்பட்டது. கோயிலில் இருப்பது படி என்பதை 1965 ஆம் ஆண்டு பிரித்தானிய அருங்காட்சியகத்தின் டக்ளசு பாரெட் வெளிப்படுத்தினார். மூலத்தை அமெரிக்கச் செல்வர் நார்ட்டன் சைமன் வாங்கியிருந்தார். இவ்வழக்கு நீதிமன்றத் தீர்ப்பு வரை செல்லாமல் உடன்பாட்டில் முடிந்தது. பத்தாண்டுகள் அமெரிக்காவில் காட்சிக்கு வைக்கப்பட்ட பின் 1986 ஆம் ஆண்டு திருமேனி இந்தியாவிற்குத் திரும்பியது.

சிறீபுரந்தான் நடராசர்: அரியலூர் மாவட்டக் கோயிலிலிருந்து திருடப்பட்டு, 2008 ஆம் ஆண்டு ஆத்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தால் 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கப்பட்டது. 2014 ஆம் ஆண்டு செப்டம்பரில் திரும்ப அளிக்கப்பட்டது.

கல்லிடைக்குறிச்சி நடராசர்: 1982 ஆம் ஆண்டு திருடப்பட்டு, தெற்கு ஆத்திரேலியக் கலைக்கூடத்தில் இருந்தது. 2019 ஆம் ஆண்டு தன் சொந்தக் கோயிலுக்கே திரும்பியது.

அனந்தமங்கலம் இராமர், இலட்சுமணர், சீதை: 1978 ஆம் ஆண்டு திருடப்பட்ட இத்திருமேனிகள் 2020 ஆம் ஆண்டு இலண்டனில் இந்தியத் தூதரகத்திடம் ஒப்படைக்கப்பட்டன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் 1958 ஆம் ஆண்டு எடுத்த ஒளிப்படங்கள் அடையாளம் காண உதவின.

இறுதி எடுத்துக்காட்டு ஒளிப்பட ஆவணத்தின் தேவையை உணர்த்துகிறது. படம் இருந்தால் ஒப்பிட்டுக் காட்டுவதே பெரும்பாலும் போதுமானது. படம் இல்லாத பத்தூருக்கு நெடிய நீதிமன்ற விசாரணை தேவைப்பட்டது.

கோயிலும் அருங்காட்சியகமும்

மீட்கப்பட்ட திருமேனியை எங்கு வைப்பது என்பது தொடர்ந்து விவாதிக்கப்படும் வினா ஆகும். நாடு திரும்பிய பத்தூர் நடராசர், பாதுகாப்புக் கருதித் திருவாரூரில் உள்ள திருமேனிகள் பாதுகாப்பு மையத்தில் வைக்கப்பட்டது. சிற்றூர்க் கோயில்களின் திருமேனிகளை ஒரே இடத்தில் பூட்டிப் பாதுகாப்பதற்காக அறநிலையத்துறை இத்தகைய மையங்களை அமைத்துள்ளது. காவலர், எச்சரிக்கை மணி, உறுதியான கதவு ஆகியவை இல்லாத கோயில்களுக்கு இது பயனுடைய ஏற்பாடாகும். அதே வேளையில், வழிபாட்டிற்கென வார்க்கப்பட்ட திருமேனி வழிபடும் ஊரிலிருந்து பிரிந்திருப்பது இதன் குறையாகச் சுட்டப்படுகிறது. கல்லிடைக்குறிச்சியில் நிகழ்ந்தது போல ஊருக்கே திருப்பி அளிப்பது மற்றொரு வழி. அதற்கு ஊர்க்கோயிலில் பாதுகாப்பும் நாள்வழிபாடும் உறுதி செய்யப்பட வேண்டும்.

அருங்காட்சியகங்களும் இத்திருமேனிகளை உலகறியச் செய்துள்ளன. திருவள்ளூர் மாவட்டத்தின் திருவாலங்காட்டிலிருந்து கிடைத்த நடராசர் திருமேனி சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. இவ்வருங்காட்சியகத்து நடராசரின் ஒளிப்படங்களைக் கண்ட பிரெஞ்சுச் சிற்பி ஒகுஸ்த் ரொதான் 1913 ஆம் ஆண்டு அதனைப் பற்றி எழுதிய கட்டுரை, 1921 ஆம் ஆண்டு பாரிசில் வெளியானது. கலைப்பொருளாகப் போற்றப்படுவதும் கடவுளாக வழிபடப்படுவதும் ஒரே திருமேனிக்கு நேர்கின்றன. பத்தூர் வழக்கில் இவ்விரு பார்வைகளுள் எது உயர்ந்தது என்பதை நீதிமன்றம் ஆராயவில்லை. உடைமை யாருக்குரியது என்பதை மட்டுமே தீர்த்தது.

தாக்கம்

பண்பாட்டுச் சொத்துகளை மீட்பது தொடர்பான சட்டப் படிப்பில் பத்தூர் வழக்கு எடுத்துக்காட்டாகக் கற்பிக்கப்படுகிறது. சட்டவிரோதக் கலைப்பொருள் வணிகத்தைத் தடுக்கும் 1970 ஆம் ஆண்டின் யுனெசுகோ உடன்படிக்கையில் ஐக்கிய இராச்சியம் 2002 ஆம் ஆண்டுதான் இணைந்தது. எனவே பத்தூர் நடராசர் அவ்வுடன்படிக்கையின் துணையின்றி, பொதுவான உடைமைச் சட்டத்தின் வழியாகவே மீட்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

மனிதரல்லாதவற்றைச் சட்டமுறை ஆளாக ஏற்கும் கருத்து பின்னர் பிற துறைகளிலும் பரவியது. நியூசிலாந்து 2017 ஆம் ஆண்டு வாங்கனுயி ஆற்றைச் சட்டமுறை ஆளாக அறிவித்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2019 ஆம் ஆண்டு அயோத்தி வழக்கில் இறைத்திருமேனியின் சட்டமுறை ஆள் தகுதியை ஏற்று, பிறப்பிடமாகிய நிலத்திற்கு அத்தகுதியை மறுத்தது.

காலவரிசை

- 12 ஆம் நூற்றாண்டு: பத்தூர் விசுவநாத சுவாமி கோயில் கட்டப்படல்
- 1976: திருமேனி மண்ணிலிருந்து வெளிப்படல்
- 1982 சூன்: கனடா நிறுவனம் வாங்குதல்
- 1982 ஆகத்து: இலண்டன் காவல்துறை கைப்பற்றுதல்
- 1988: நீதிபதி கென்னடியின் தீர்ப்பு
- 1991 பெப்ரவரி 13: மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு
- 1991: திருமேனி இந்தியாவிற்குத் திரும்புதல்

இவற்றையும் பார்க்க

- சோழர் கலை
- மெழுகு வார்ப்பு முறை
- சிவபுரம் நடராசர்
- திருவாலங்காடு
- சட்டமுறை ஆள்
- இந்து சமய அறநிலையத்துறை